சரிவுக்கும் குன்றுக்கும் ஐஸ்லாந்திய மொழியில் எந்தச் சொல்?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு பட்டியல். ஆங்கிலத்தில் ‘ஸ்லோப்’, ‘ஹில்’, ‘ரிட்ஜ்’ என்று இருக்கும் சொற்களுக்கு ஐஸ்லாந்திய மொழியில் நேர்ச்சொல் என்ன, அகராதி ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு சொல் தருகிறதே, எதை எடுப்பது என்கிறீர்கள். கூடவே, அடுத்த கோடையில் அங்கே நடக்கப் போவதாகவும், வரைபடத்தில் உள்ள பெயரை வைத்தே ஏற்றம் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள முடியுமா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது அந்தக் கடைசி வரிக்கான பதில் என்றே நினைக்கிறேன். அதற்குப் பட்டியல் உதவாது. ஆங்கிலம் ஒரு சரிவைப் பார்த்ததும் அதன் வடிவத்துக்குப் பெயர் வைக்கிறது. ஐஸ்லாந்துக்காரர் பெரும்பாலும், அதில் நான் என்ன செய்கிறேன், எங்கிருந்து பார்க்கிறேன் என்பதை வைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்.

நான் பழைய ஜெர்மானிய மொழிகளைப் படித்தவன். பல வருடங்களாக ஐஸ்லாந்திய வழிகாட்டிக் குறிப்புகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வருகிறேன். நிலவியல் என் துறை அல்ல, ஆகவே எரிமலைச் சமாசாரத்தைத் தொடாமல் நகர்ந்துவிடுவேன். உச்சரிப்பு பற்றி ஒன்று: ஐஸ்லாந்திய மொழியில் இரட்டை ‘எல்’ வந்தால் பெரும்பாலும் ‘ட்ல்’ என்று ஒலிக்கும். ஆங்கிலேயர் ‘ஃபெல்’ என்பதை இவர்கள் அதே எழுத்துகளில் எழுதி ‘ஃபெட்ல்’ என்பார்கள். கீழே நான் காதுக்குக் கேட்பதையொட்டி எழுதியிருக்கிறேன். தமிழ் எழுத்தில் அது முழுதாக அடங்காது.

முதலில் ‘ஸ்லோப்’. அகராதி தரும் மூன்று சொற்கள் பிரெக்கா, ஹ்லீத், ஹட்லி. பிரெக்கா என்பது ஏறுகிற சரிவு. காலுக்கு அடியில் இருப்பது, மூச்சு வாங்க வைப்பது, குழந்தைகள் பனியில் சறுக்குவது, ஊருக்குள் சாலை மேலேறுகிற இடம், எல்லாம் பிரெக்காதான். அளவில் சின்னது, அடியும் முடியும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வெஸ்ட்மன் தீவுகளில் ஆகஸ்டு முதல் வார இறுதியில் நடக்கும் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோர் ஒரு புல்சரிவில் உட்கார்ந்து சேர்ந்து பாடுவார்கள். அதற்குப் ‘பிரெக்குசொயங்குர்’, அதாவது சரிவுப் பாட்டு, என்று பெயர். உட்கார இடம் கொடுத்தது பிரெக்கா, ஆகவே அந்தச் சொல். அங்கே ஹ்லீத் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஹ்லீத் என்பது ஒரு மலையின் பக்கம். எட்ட நின்று பார்க்கும்போது தெரிகிற நீண்ட முகம். ஆங்கிலத்தில் ‘ஹில்சைடு’, ‘மவுண்டன்சைடு’ என்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். தெற்கே மார்க்கர் ஆற்றுச் சமவெளியைப் பார்த்தபடி கிடக்கும் ஃப்ளியோட்ஸ்ஹ்லீத் என்ற பகுதி இதற்கு நல்ல உதாரணம். பண்ணை வீடுகள் வரிசையாக அந்தச் சரிவின் அடியில்தான் இருக்கின்றன. நியால் சாகா என்ற பழைய ஐஸ்லாந்தியக் கதையில் நாடுகடத்தப்பட்ட குன்னார் கப்பலேறப் போகும் வழியில் குதிரை இடறிக் கீழே குதிக்கிறான். திரும்பிப் பார்த்தால் தன் வீட்டுச் சரிவு முன்னெப்போதையும்விட அழகாகத் தெரிகிறது. போகமாட்டேன் என்று திரும்பிவிடுகிறான், அதனாலேயே பின்னால் சாகிறான். அவன் பார்த்தது ஹ்லீத். தூரத்திலிருந்து பார்த்ததால்தான் அந்தச் சொல் அங்கே பொருந்துகிறது. அதே சரிவில் குதிரையை ஏற்றிக்கொண்டிருந்தால் அவனுக்கு அது பிரெக்கா. இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை: ரெய்க்யாவிக்கில் பெர்லான் என்ற கண்ணாடிக் குவிமாடம் நிற்கும் எஸ்க்யுஹ்லீத் 61 மீட்டர் உயரமுள்ள ஒரு முழுக் குன்று, பக்கம் மட்டும் அல்ல. இடப்பெயர்கள் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இலக்கணத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

மூன்றாவது சொல்லான ஹட்லி சாய்வின் அளவைக் குறிக்கும். சாலைப் பலகையில் சதவீதத்தோடு வருவது, கூரைக்குக் கொத்தனார் கணக்குப் பார்ப்பது, குழாய் எந்தப் பக்கம் வாட்டமாக இருக்க வேண்டும் என்று பார்ப்பது, எல்லாம் இதுதான். ஆங்கிலத்தில் ‘கிரேடியன்ட்’. அரசு பட்ஜெட்டில் விழும் துண்டுக்கும் இதே சொல்தான். செய்தித்தாளில் ஹட்லி என்று கண்டால் மலைச்சாலையைப் பற்றி இருக்க வாய்ப்புக் குறைவு.

ஏற்றம், இறக்கம் என்று திசையோடு சொல்ல வேண்டுமானால் இவை எதுவுமே வேண்டாம். ஐஸ்லாந்தில் மேல்நோக்கிய வழியை ‘ஔ ஃபோட்டின்’, பாதத்தின் மேல் என்பார்கள். கீழ்நோக்கிய வழி ‘உந்தன் ஃபைட்டி’, பாதத்துக்கு அடியிலிருந்து விலகிப் போவது. ஒருவருடைய தொழிலோ உடல்நிலையோ சரியத் தொடங்கினால், பாதத்துக்கு அடியில் சாய்கிறது என்று இந்தச் சொல்லையே ஹட்லியின் வினைச்சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். வழிகேட்கும்போது இவை காதில் விழும், அகராதியில் ‘அப்ஹில்’ என்ற தலைப்பின் கீழ் தேடினால் எளிதில் சிக்காது.

இனி ‘ஹில்’. ஹைத் என்பது பொதுச்சொல்: சுற்றியிருக்கும் தரையைவிட உயர்ந்த எதுவும். உயரம் என்ற அளவும் அதுவே, கட்டடத்தின் மாடியும் அதுவே. வானிலை அறிக்கையில் ‘கிரீன்லாந்துக்கு மேல் ஹைத்’ என்று சொன்னால், அங்கே உயர் காற்றழுத்தம் என்று பொருள், மலை அல்ல. ஹோட்ல் என்பது அதைவிடச் சின்னது, உருண்டையானது, புல் மூடியது. நம் பேச்சில் மேடு, திட்டு. கண்ணுக்குத் தெரியாத மனிதர்கள் குடியிருப்பதாகச் சொல்லப்படுவது இந்த ஹோட்லில்தான். ரெய்க்யாவிக்கை ஒட்டிய கோபவோகுரில் அப்படி ஒரு மேட்டின் பக்கத்தில் வரும்போது தெரு குறுகிவிடுகிறது, தெருவுக்கே அந்த மேட்டின் பெயர்தான். நம்பிக்கை எவ்வளவு, சுற்றுலா வியாபாரம் எவ்வளவு என்று அங்குள்ளவர்களே கிண்டலடித்துக்கொள்வார்கள். பன்மையில் இது ஹோலர் ஆகும். வடக்கே வாட்ன்ஸ்டால்ஸ்ஹோலர் என்ற திட்டுக் கூட்டத்தை ஐஸ்லாந்தில் எண்ணி முடியாத மூன்றில் ஒன்று என்பார்கள். மற்ற இரண்டு, ப்ரேதாஃபியோர்துர் வளைகுடாவின் தீவுகளும் அர்னர்வாட்ன்ஸ்ஹேதி மேட்டுநிலத்தின் ஏரிகளும்.

ஃபெட்ல், ஃபியாட்ல் இரண்டும்தான் எல்லோரையும் குழப்புகிறவை. பல வழிகாட்டிகள் ஃபெட்ல் என்றால் சிறிய மலை, ஃபியாட்ல் என்றால் பெரிய மலை என்று எழுதிவிடுகின்றன. பொதுவாகச் சரிதான், ஆனால் உயரத்தை நம்பினால் ஏமாறுவீர்கள். ஸ்னைஃபெட்ல்ஸ்னெஸ் தீபகற்பத்தில் உள்ள ஹெல்காஃபெட்ல் வெறும் 73 மீட்டர். கிழக்கே இருக்கும் ஸ்னைஃபெட்ல் 1,833 மீட்டர், உச்சியில் நிரந்தரப் பனி. இரண்டுமே ஃபெட்ல். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது உயரம் அல்ல, தனித்து நிற்பது. சுற்றிலும் தாழ்ந்த நிலம், நடுவில் ஒற்றையாக எழும்பினால் ஃபெட்ல். ஆங்கிலத்தில் அப்படியல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000-ஆம் ஆண்டின் நடைபயண உரிமைச் சட்டம் 600 மீட்டருக்கு மேலான நிலத்தை ‘மவுண்டன்’ கணக்கில் சேர்க்கிறது. அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு ஐஸ்லாந்துக்குப் போகாதீர்கள்.

ஃபியாட்லுக்கு இன்னொரு முகம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஐஸ்லாந்து விவசாயி இலையுதிர் காலத்தில் ‘ஃபியாட்லுக்குப் போகிறேன்’ என்றால் சிகரம் ஏறப் போகவில்லை. கோடை முழுக்க மேட்டுநில மேய்ச்சலில் விட்டிருந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரப் போகிறார். அந்தக் கூட்டத்துக்குத் தலைவராக இருப்பவர் மலையரசன் என்ற பட்டத்தோடு அழைக்கப்படுவார். இங்கே மலை என்பது வேலிக்கு அப்பால் உள்ள பொது மேய்ச்சல். வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியாவிலும் ‘ஃபெல்’ என்று சொன்னால் இரண்டு அர்த்தம்: ஸ்காஃபெல் போன்ற ஒரு மலை, அல்லது கல்மதிலுக்கு மேலே ஆடுகள் திரியும் திறந்தவெளி முழுவதும். இந்த ஒற்றுமை தற்செயல் அல்ல.

பத்தாம் நூற்றாண்டு வாக்கில், ஐஸ்லாந்திய மொழியின் தாயான நார்ஸ் மொழி பேசியவர்கள் வடமேற்கு இங்கிலாந்தில் குடியேறினார்கள்; அவர்களில் பலர் அயர்லாந்து, மேன் தீவு வழியாக வந்தவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற மலைச்சொற்களைத்தான் அந்தப் பக்கத்து ஆங்கிலம் இன்றும் வைத்திருக்கிறது. அதனால் உங்கள் கேள்விக்கு நேர்ச்சொற்கள் கிடைக்கிற ஒரே இடம் அது. ஃபெல் என்பது ஃபியாட்ல்/ஃபெட்ல். குறுகிய ஓடைப்பள்ளமான ‘கில்’ ஐஸ்லாந்திலும் கில். மலைத்தொடரில் உள்ள வெட்டுக்கு ஐஸ்லாந்தில் ஸ்கார்த். கம்பிரியாவின் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டில் ஸ்கார்த் கேப் என்று ஒரு கணவாய், முன்பாதி நார்ஸ், பின்பாதி ஆங்கிலம், இரண்டுக்கும் ஒரே பொருள். சேவல் கொண்டைபோல நிற்கும் முகடு ஐஸ்லாந்தில் காம்புர்; ஹெல்வெலின் மலைக்குப் பக்கத்துச் சிகரமான கேட்ஸ்டை கேமின் கடைசி அசை அதுதான். யார்க்‌ஷயர் கடலோர ஊரான லைத், நாம் மேலே பார்த்த ஹ்லீத்.

இதில் ஒரு ஒலிவிதி இருக்கிறது, தெரிந்தால் நிறைய மனப்பாடம் மிச்சமாகும். ஆங்கிலத்தில் ‘ங்க்’ வரும் சில சொற்களில் ஐஸ்லாந்திய மொழி மூக்கொலியை விழுங்கி ‘க்க்’ என்று அழுத்தும். குடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘டிரிங்க்’, இங்கே ட்ரெக்கா. அதே வழியில் ‘பேங்க்’ என்ற கரை இங்கே பாக்கி, விளிம்பைக் குறிக்கும் ‘பிரிங்க்’ இங்கே பிரெக்கா. வடக்கு இங்கிலாந்தில் பேங்க் என்றால் செங்குத்தாக ஏறும் சாலைக்கும் பெயர். யார்க்‌ஷயரின் சட்டன் பேங்க் நாலுக்கு ஒன்று என்ற ஏற்றம், கேரவன் வண்டிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. ‘ண்ட்’ என்பதும் அப்படியே ‘ட்ட்’ ஆகும். செங்குத்து என்பதற்கு வட இங்கிலாந்தின் பழைய பேச்சில் ‘பிராண்ட்’, இங்கே பிராட்டுர். கானிஸ்டன் ஏரிக்கரையில் ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் வாழ்ந்த பிராண்ட்வுட் வீட்டின் பெயரில் இருப்பது அந்தச் சொல்தான். பிராட்டுரையும் பிரெக்காவையும் சேர்த்தால் பிராட்டாபிரெக்கா: மேற்கே 60-ஆம் எண் சாலை கடக்கும் மலைவழி. பெயரே எச்சரிக்கை.

இதுவரை சொன்ன உறவுகளில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருபவற்றில் கவனம் தேவை. ‘ஹில்’லும் ‘ஹோட்ல்’லும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் இணையத்தில் பலர் உடன்பிறப்பு என்று எழுதிவிடுகிறார்கள். ஹோட்லுக்குப் பக்கத்தில் க்வோட்ல் என்ற பழைய வடிவமும் உண்டு, க்வோல்ஸ்வெட்லுர் என்ற ஊர்ப்பெயரில் அது உயிரோடு இருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்தால் அந்த உறவு அவ்வளவு நேராக அமையாது. சொற்பிறப்பு அறிஞர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. அதேபோல ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கின்டையர் முனையைப் பார்த்து, இது ஐஸ்லாந்திய மூலி என்று தோன்றும். மூலி என்றால் விலங்கின் மூக்குப்பகுதி, இரு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே துருத்தி நிற்கும் மலை. ஆனால் அங்கே, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் மொட்டை என்று பொருள்படும் சொல்லே பொருத்தமாக இருக்கிறது. இப்படிச் சந்தேகம் வந்தால் நான் கேலிக் பக்கம் சாய்வேன்.

இரு மொழியிலும் ஒன்றுபோல இருந்து பொருளில் ஏமாற்றும் போலி நண்பர்களில் மோசமானது ஹோல்ட். ஆங்கிலத்தில் ‘ஹோல்ட்’ பழைய கவிதைகளில் வரும் தோப்பு. ஜெர்மன் மொழியில் மரக்கட்டைக்கு இதே சொல்லின் உறவு. ஐஸ்லாந்தில் ஹோல்ட் என்றால் கல்லும் சரளையுமான, மரமே இல்லாத மேடு. தென்மாவட்டங்களில் கரடு என்போமே, ஏறக்குறைய அது. ரெய்க்யாவிக்கின் பெரிய தேவாலயமான ஹட்ல்கிரீம்ஸ்கிர்க்யா நிற்பது ஸ்கோலவெர்துஹோல்ட் என்ற அப்படிப்பட்ட மேட்டின் மேல். குடியேறியவர்கள் காட்டை வெட்டித் தீர்த்ததால் தோப்பு கரடாயிற்று, சொல் மட்டும் மிஞ்சியது என்று ஒரு கதை சொல்லப்படும். காடு அழிந்தது உண்மை. ஆனால் பழைய ஐஸ்லாந்திய எழுத்திலேயே இரண்டு பொருளும் அருகருகே வருகின்றன. ‘ஹோல்டில் கேட்பவன் அருகிலேயே இருப்பான்’ என்று ஒரு பழமொழி. ஒட்டுக்கேட்பவன் மரத்துக்குப் பின்னால் நிற்கிறானா, பாறை மேட்டுக்குப் பின்னால் நிற்கிறானா, எப்படி வைத்தாலும் பொருந்தும். கதை அழகாக இருக்கிறது என்பதற்காக நான் அதை ஏற்கமாட்டேன்.

‘ரிட்ஜ்’ என்ற ஒரு சொல்லுக்கு ஐஸ்லாந்தில் உடம்பையே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஹ்ரிக்குர் என்றால் முதுகு, முதுகுபோன்ற முகடும் அதுவே. ஆங்கில ரிட்ஜுக்கு இது நேர் உறவு. ஹௌல்ஸ் என்றால் கழுத்து, இரண்டு பள்ளத்தாக்குகளைப் பிரிக்கும் தாழ்ந்த முகடு, அதன் மேல் பெரும்பாலும் பாதை இருக்கும். எக்ஸ்ல் தோள். என்னி நெற்றி: ஓலஃப்ஸ்வீக்குர்என்னி கடலுக்கு மேல் செங்குத்தாக இறங்கும் நெற்றி. கின் கன்னம், அகன்ற ஒருபக்கச் சரிவு. ப்ரூன் புருவம், மேலே சமதளம் முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பு. ஆங்கிலேயரும் மலையின் ‘பிரௌ’ என்பார்கள். ஹெர்துப்ரேத் என்ற 1,682 மீட்டர் மேசைமலையின் பெயருக்கே அகன்ற தோள்காரி என்று பொருள். உடம்போடு சேராதவற்றில் ஔஸ் என்பது தாழ்ந்து நீண்டு கிடக்கும் முகடு. அல்டா என்றால் கடலலை. உள்நாட்டுச் சரளை வெளியில் அலைபோல எழுந்த குன்றுக்கும் அந்தப் பெயர்.

சிகரத்துக்கு டிண்டுர் என்றால் கூரான பல், ஹ்னூக்குர் என்றால் குமிழ்போன்ற உச்சி. நாட்டின் மிக உயர்ந்த இடம் க்வன்னடால்ஸ்ஹ்னூக்குர். 2,119 மீட்டர் என்று நெடுங்காலம் அச்சாகிவந்தது. 2005-இல் மறுபடி அளந்ததில் 2,110 ஆகக் குறைந்தது. பழைய புத்தகத்தில் பெரிய எண்ணைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். வடக்கே இதே சொல்லை ஹ்ன்யூக்குர் என்பார்கள், எந்தச் சிகரத்துக்கு எந்த வடிவம் என்று சண்டையும் போடுவார்கள்.

நடக்கப் போகிறவர் என்பதால் இரண்டு சொற்களை அழுத்திச் சொல்கிறேன். ஒன்று ஹேதி. ஆங்கில ‘ஹீத்’தின் உறவு, ஆனால் பூத்த புதர்வெளி என்று எண்ணிப் போகாதீர்கள். இரண்டு ஊர்ப்பகுதிகளுக்கு நடுவே உயர்ந்து கிடக்கும் திறந்த மேட்டுநிலம் அது. மூடுபனியும் காற்றும் அங்கே சட்டென்று வரும். ரெய்க்யாவிக்கிலிருந்து கிழக்கே போகும் முதல் எண் சாலை ஹெட்லிஸ்ஹேதியைக் கடந்து, காம்பர் என்ற வளைவுகளில் க்வெராகெர்திக்கு இறங்குகிறது. கீழே தெளிவாக இருக்கும் நாளிலும் குளிர்காலத்தில் மேலே சாலையை மூடிவிடுவார்கள். ஹேதி ஏறும்போது சரிவே தெரியாது, அதுதான் ஆளை ஏமாற்றுவது.

இன்னொன்று ஸ்க்ரிதா. ஆங்கில ‘ஸ்க்ரீ’ இதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் அது சரிவில் கிடக்கும் உதிரிக்கல் மட்டும். ஐஸ்லாந்தில் அந்தக் கல்லும் ஸ்க்ரிதா, அது சரிந்து வருகிற நிகழ்ச்சியும் ஸ்க்ரிதா. 2020 டிசம்பரில் கிழக்கே சேதிஸ்ஃபியோர்துர் ஊரில் வீடுகளை அடித்துக்கொண்டு போன சேற்றுச்சரிவுகளைச் செய்திகள் இந்தச் சொல்லால்தான் குறித்தன. எனவே பெயர்ப்பலகையில் இருந்தால் பழைய கற்குவியல், எச்சரிக்கைச் செய்தியில் இருந்தால் இன்றைய ஆபத்து. மழைக்குப் பிறகு ஸ்க்ரிதா என்று முடியும் இடத்தின் அடியில் கூடாரம் போடாதீர்கள்.

வரைபடத்தில் பெயரைக் கடைசியிலிருந்து படியுங்கள். நிலத்தின் வகை பெரும்பாலும் கடைசிச் சொல்லில்தான் இருக்கும், முன்னால் வருவது நிறமோ ஆள்பெயரோ. வேற்றுமை ஏறும்போது உயிரெழுத்தும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபியாட்ல் பன்மையில் ஃபியெட்ல் ஆகும். தலைநகருக்கு அருகில் உள்ள பனிச்சறுக்கு இடத்தின் பெயர் ப்ளௌஃபியெட்ல், நீலமலைகள். பிராட்டாபிரெக்கா வழியாகப் போகிறீர்கள் என்றால், சாலை நிலவர அறிக்கையில் அது ப்ரெட்டுபிரெக்கு என்று இருக்கும். வேறு இடம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள்.